வைனில் ஓடும் மாப்பிள்ளை

கல்முனைக்குடி கடற்கரை வீதியில் ஒரு கணினி நிலையம் இருந்தது. அதன் வாசல் சுவரில் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒரு தாள் ஒட்டப்படும். தலைப்பு ‘புது வரவு’. அந்தக் கிழமை கடைகளுக்கு வந்திருக்கிற கொம்பியூட்டர் விளையாட்டுகளைப் பற்றி, நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கச்சிமுகம்மது நீலப் பேனையால் எழுதிய அபிப்பிராயம் அது. அபிப்பிராயம் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். ஏச்சு என்பதுதான் சரி.

“ஸ்டீல் டெசர்ட் மூன்று. நாலு சீடி. முதலாவதில் செய்தவன் பெயர் எட்டுத் தடவை வருகிறது. இரண்டாவதில் ஒரு ஒட்டகம் வருகிறது. ஒட்டகத்தின் கால் முழங்கால் வரைக்கும் மணலுக்குள் கிடக்கிறது, அது தெரியாமல் ஒட்டகமும் நடக்கிறது. எங்கட மெசினில் ஓடாது. ஓடினாலும் வேண்டாம்.”

இன்னொரு கிழமை இப்படி: “டர்போ ஹைவே. கார் பளபளக்கிறது. வீதியில் ஒரு மாடு இல்லை, ஒரு சைக்கிள் இல்லை, ஒரு செக்பொயின்ட் இல்லை. இதை ஓட்டப் பழகினவன் கல்முனை சந்தியில் அரை மணித்தியாலம் உயிரோடு இருக்கமாட்டான். எங்கட மெசினில் ஓடாது. பெட்டியின் பின்பக்கத்தில் லினக்ஸ் என்ற சொல்லே இல்லை. நாங்கள் மனிசர் இல்லைப் போல.”

அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. முன்தலை வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. கலியாணம் முடிக்கவில்லை. பாட்டனார் ஒருவரின் பெயரை வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்குள்ள வயதும் குணமும் சின்னதிலேயே வந்து ஒட்டிக்கொண்டது என்பார் அவருக்கு மூத்தவரான ராத்தா ஸைனம்பு. எதைக் கண்டாலும் முதலில் உதட்டைப் பிதுக்குவார், பிறகுதான் என்னவென்று கேட்பார். நிலையத்து மெசின்களை இயக்குகிற லினக்ஸ் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தால் அதற்கும் அதே கதிதான். “ஆறு மாதத்துக்கு ஒருக்கா வருவோம் என்றார்கள், வந்துவிட்டார்கள். படம் வடிவு. சத்தத்தைக் காணவில்லை. எங்கே போனதென்று தேட எனக்கு மூன்று நாள்.” சொந்த வீட்டாளையே ஏசுகிறார் என்றால் ஊராரைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

ஆனால் அந்த ஏச்சுக்கு ஒரு தொடக்கம் இருந்தது.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கச்சிமுகம்மது அம்பாறை டவுனில் நின்றார். அந்த நாளில் அவருக்கு ரேடியோ திருத்தும் வேலை; சாமான் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது உம்மா மௌத்து. உம்மாவின் வீடிருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. இந்தக் கரையில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பதுதான் வழக்கம். வீடு பெண்ணுடையது. ஆணுக்குக் கலியாணத்துக்கு முன் உம்மாவின் வீடு, பின் மனைவியின் வீடு. கச்சிமுகம்மதுவுக்கு முன்னது போய்விட்டது, பின்னது வரவில்லை. ராத்தாவின் வீட்டு ஹோலில், மச்சானின் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார்.

வீடு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட இடமெல்லாம் போனார். எல்லா இடத்திலும் ஒரு படிவம். குடும்பத்தில் எத்தனை பேர்? ஒருவர். தனியாள் விண்ணப்பிக்க ஏலாது. வேறொரு இடம், வேறொரு படிவம். கடலிலிருந்து இத்தனை மீற்றருக்கு உள்ளே காணி என்றால் தகுதி இல்லை. இன்னோரிடத்தில் வீடு இல்லை, குளிர் உடுப்பு இருந்தது. கல்முனை வெயிலில் நின்று ஒரு கம்பளிக் கோட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கோட்டு பிறகு நிலையத்தின் பிரின்டருக்குப் போர்வையானது.

அந்தக் காலத்தில்தான் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் கடற்கரை வீதியில் பத்துக் கொம்பியூட்டரைக் கொண்டுவந்து இறக்கியது. கூட வந்த தாடிக்கார வெள்ளைக்காரர் இரண்டு கிழமை நின்று படிப்பித்தார். பத்திலும் லினக்ஸ். விண்டோஸ் பழகிய பொடியன்கள் வந்து பார்த்துவிட்டு, “இதென்ன, நமக்குத் தெரிஞ்ச ஒண்டையும் காணல்ல” என்று போய்விட்டார்கள். ரேடியோ திருத்த வந்த கச்சிமுகம்மது மட்டும் நின்றார். புதுப் பதிப்பு வேண்டுமென்றால் இணையத்தில் பெயரும் விலாசமும் கொடுத்தால் போதும், சீடி தபாலில் காசில்லாமல் சும்மா வரும் என்று வெள்ளைக்காரர் சொன்னார். கச்சிமுகம்மது நம்பவில்லை. எத்தனை பேர் குடும்பத்தில் என்று கேட்கமாட்டானா? கேட்கவில்லை. விலாசம்தான் இல்லை, அதனால் தபால்கந்தோர் விலாசத்தையே எழுதினார். ஐந்து கிழமையில் ஒல்லாந்திலிருந்து பார்சல் வந்தது. தபாலதிபர் அப்துல் கபூர் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக் கையில் கொடுத்தார். சுனாமிக்குப் பிறகு தகுதி கேட்காமல் கச்சிமுகம்மதுவுக்குக் கிடைத்த முதல் சாமான் அதுதான். அதற்காகவே அவர் லினக்ஸை விட்டுக்கொடுக்கமாட்டார்.

அதன் பிறகு கேம் பெட்டியின் பின்பக்கத்தில் ‘குறைந்தபட்சத் தேவைகள்’ என்று சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் அவருக்கு அந்தப் படிவங்கள்தான் ஞாபகம் வரும். உனக்கு இது இருக்கிறதா, அது இருக்கிறதா, இல்லையா, அப்படியானால் போ. ஏச்சு அங்கிருந்துதான் வந்தது.

வெள்ளைக்காரர் போனார், நிறுவனமும் போனது. கச்சிமுகம்மது நிலையத்தோடு நின்றுவிட்டார். பத்தில் ஆறு மெசின் பிழைத்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருபவர்களுக்குத் தட்டச்சு படிப்பிப்பார், மிச்ச நேரம் விளையாடுவார். விளையாடுவது என்றால் நாங்கள் நினைக்கிறது போலில்லை. ஒரு கேமைப் போட்டு, பிழை எங்கே என்று நீதவான் மாதிரித் தேடுவார்.

சுவர்த் தாளில் ஒவ்வொரு கேமுக்கும் கடைசியில் தீர்ப்பு ஒன்று இருக்கும். மூன்றே வகை. ‘தானா ஓடும்’ என்றால் லினக்ஸுக்கென்றே செய்தது. அப்படி வருவது ஆடிக்கொன்று. ‘ஓடாது’ என்றால் ஓடாதுதான். நடுவில் ‘வைனில் ஓடும்’ என்று ஒரு வகை. வைன் என்பது ஒரு மென்பொருளின் பெயர். விண்டோஸுக்குச் செய்த கேமை லினக்ஸ் மெசினில் ஓட்டித் தரும். குடிக்கிற வைனுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சொந்தமும் இல்லை. நிலையத்துக்கு வந்து போகிற எல்லாருக்கும் இது தெரியும். வராதவர்களுக்குத் தெரியாது.

கச்சிமுகம்மதுவுக்கு வைனில் பெரிய மதிப்பில்லை. “வைனில் ஓடுவது ஓட்டமல்ல, தள்ளாட்டம்” என்று ஒரு தாளில் எழுதினார். “முறையாக வாசலால் வரவேண்டிய மாப்பிள்ளை வேலி பாய்ந்து வருகிற மாதிரி.” இதையெல்லாம் அவர் வீதியோரச் சுவரில், பள்ளிக்குப் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி, ஒட்டினார். ‘வைன் ஸ்டோர்’ என்றால் சாராயக் கடை என்று மட்டும் தெரிந்த ஊரில்.

பஸ் டிப்போவுக்குக் கிட்ட முகம்மது தம்பி என்பவர் சீடிக் கடை வைத்திருந்தார். கேம், படம், பாட்டு எல்லாம் திருட்டுக் கொப்பி. கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் பிஸ்மில்லாஹ் ஒட்டியிருந்தது. “கள்ளச் சீடி விக்கிறவன் ஹலால் ஹராம் கதைக்கான். இந்த ஊரிலயே களவெடுக்காத சாமான் ஓடுற ஒரே இடம் என்ட நிலையம்தான்” என்று கச்சிமுகம்மது வாய்க்கு வாய் சொல்வார். சொல்வதோடு நிற்காமல், முகம்மது தம்பியின் கடையிலேயே ஒரு மணித்தியாலம் நின்று புதுக் கேமைப் பார்த்துவிட்டு வந்து, அதை வாங்காதே என்று சுவரில் எழுதுவார். முகம்மது தம்பிக்கு அவரில் என்ன பிரியம் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலையில் நிலையம் பெண்களுக்கு. சாய்ந்தமருதிலிருந்து நுஸ்ஹா என்ற ஆசிரியை வந்து படிப்பிப்பார். அந்தப் பார்சல் தபாலதிபரின் மகள். கச்சிமுகம்மது சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். மூன்று மணித்தியாலம் கழித்துத்தான் வருவார். அதனால் இரண்டு பேரும் ‘சாவி’, ‘ஓம்’, ‘பூட்டிட்டன்’ என்பதற்கு மேல் கதைத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை திரும்பி வந்தபோது, அவருடைய தாளின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தது: “வைனில் நல்லா ஓடும் என்று எழுதியிருக்கீங்க. நாலாம் கட்டத்தில் அப்படியே நிண்டுபோகும். நீங்க மூணாம் கட்டம் தாண்டல்லையோ?”

கச்சிமுகம்மதுவுக்குக் காது சூடானது. கதவைச் சாத்திவிட்டு இருந்து விளையாடினார். நாலாம் கட்டத்தில் நின்றுபோனது. பதிவுப் புத்தகத்தைத் திறந்து எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். நுஸ்ஹாவின் எழுத்துத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை, அவருடைய சரித்திரத்தில் இல்லாத விதமாக, ஒரு திருத்தம் எழுதினார். அதற்கும் கீழே பென்சில் வந்தது: “திருத்தத்திலயும் அரைவாசிதான் சரி.”

இப்படியே ஒன்றரை வருசம். நீலப் பேனை ஏசும், பென்சில் அதைக் குத்தும். சனிக்கிழமை பின்னேரம் சுவருக்குக் கிட்டப் போகும்போது கச்சிமுகம்மது எட்டி நடப்பார். அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஊரில் தன்னைவிடக் கடுமையாக ஒரு ஆள் ஏசுகிறது, அதுவும் சரியாக ஏசுகிறது என்றால், பிடிக்காமல் என்ன செய்யும்.

இரண்டாயிரத்தெட்டில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தையும் சொல்லவேண்டும், பிறகு தேவைப்படும். காரைதீவுப் பக்கம் செக்பொயின்டில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். கச்சிமுகம்மதுவின் பைக்குள் இருந்த சீடி ஒன்றில் ‘வைன்’ என்று இங்கிலீசில் மார்க்கரால் எழுதியிருந்தது. படைக்காரர் தூக்கிப் பார்த்து, “மே மொகத?”, இதென்ன, என்று சிரித்தார். போத்தல் எங்கே என்று சைகை காட்டினார். கச்சிமுகம்மது தனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், மண்மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடி, வைன் என்றால் என்ன, லினக்ஸ் என்றால் என்ன, ஏன் சில கேம் ஓடும் சிலது ஓடாது என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். பஸ் போய்விட்டது. கடைசியில் படைக்காரர் கிரிக்கட் கேம் ஓடுமா என்று கேட்டார். அது ஓடாது மாத்தயா என்றார் இவர், மிகுந்த பணிவோடு. ஊருக்கு வந்து இந்தக் கதையை ராத்தாவுக்குச் சொல்லிச் சிரித்தார்.

இரண்டாயிரத்தொன்பது மே மாதம் யுத்தம் முடிந்தது. வீதியில் வெடி கொளுத்தினவர்களும் இருந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்களும் இருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை முகம்மது தம்பியின் கடையில் ஒரு புதுச் சண்டைக் கேம் தொங்கியது. கச்சிமுகம்மது எழுதினார்: “படம் நல்லம் என்கிறார்கள். நாங்கள் இதைப் பிறந்த நாள் தொட்டுப் பார்க்கிறோம். எல்லா மெசினிலும் ஓடினது, நிப்பாட்டத்தான் வழி இருக்கவில்லை. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.” ஒட்டி ஒரு மணித்தியாலத்தில் தானே கழற்றினார். பயம் என்று சொல்லமாட்டார். எழுத்துப் பிழை திருத்த வேண்டியிருக்கு என்றார்.

பாதைகள் திறந்தன. கொழும்புச் சாமான் வந்தது, நின்றுபோன கலியாணப் பேச்சுகளும் வந்தன. ஜூன் மாதம் ஸைனம்பு ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, “சாய்ந்தமருதுப் போஸ்மாஸ்டர் ஊட்டால உன்னக் கேக்காங்க” என்றார். கச்சிமுகம்மதுவின் கை சோற்றுக்குள்ளேயே நின்றது. “புள்ளதான் பேர் செல்லியிருக்கு போல. ஊடு இரிக்கி, மேல்வீடும் கட்டுறாங்களாம். உனக்கு அதுக்கு மேல என்ன வேணும்?”

அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அதைவிடக் குறைத்தாலும் பரவாயில்லை. அந்தப் பென்சில் இருக்கிற வீட்டில் ஒரு மூலை கிடைத்தால் போதும் என்று மனதுக்குள் சொன்னார். வாயால், “பாப்பம்” என்று உதட்டைப் பிதுக்கினார்.

பெண்வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் விசாரிப்பது முறை. அப்துல் கபூர் அப்போது ஓய்வுபெற்றுவிட்டார். பதறாத மனிதர், எதையும் முத்திரை பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார். இரண்டு மூன்று இடத்தில் விசாரித்தார், எல்லாரும் நல்லது சொன்னார்கள், கொஞ்சம் வாய் என்றார்கள். நாலாவதாகப் பஸ் டிப்போவடியில் முகம்மது தம்பியிடம் விசாரித்தார்.

முகம்மது தம்பி தலையைச் சொறிந்தார். “மனிசன் நல்லம்தான் மாஸ்டர். வைன் பாவிக்கிறதுதான் ஒரு இது. நாஞ் செல்லல்ல, அவரே சுவத்துல எழுதி ஒட்டியிரிக்கார், போய்ப் பாருங்க.” எங்கள் ஊரில் பாவிப்பது என்றால் உபயோகிப்பதும்தான், குடிப்பதும்தான். வைன் என்றால் என்னவென்று முகம்மது தம்பிக்கு நன்றாகத் தெரியும். சீடி விற்கிற ஆள்.

அப்துல் கபூர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நிலையத்துக்கு வந்தார். கச்சிமுகம்மது கதிரையைத் துடைத்துப் போட்டார், பிளேன்டீ எடுப்பித்தார்.

“தம்பி, சுத்தி வளைக்காமக் கேக்கன். கோவிக்கப்படா.”

“கேளுங்க மாமா.”

“நீங்க வைன் பாவிக்கிறதா ஒரு கதை அடிபடுது.”

கச்சிமுகம்மதுவுக்குச் சந்தோசம். ஒரு பெரிய மனிதர் தன் வேலையைப் பற்றி விசாரிப்பது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. “ஓம் மாமா, பாவிக்கிறதான்.”

“எப்ப தொட்டு?”

“மூணு நாலு வருசமா. அந்த வெள்ளக்காரன்தான் முதல்ல காட்டித் தந்தான்.”

“அஸ்தஃபிருல்லாஹ். ஒவ்வொரு நாளுமா?”

“ஒவ்வொரு நாளும் தேவப்படா. ஏலுமான வரைக்கும் இல்லாமத்தான் ஓட்டப் பாக்கிற. ஆனா சிலது வைன் இல்லாம அசையாது மாமா. போட்டாலும் தள்ளாட்டம்தான்.”

அப்துல் கபூர் கோப்பையைக் கீழே வைத்தார். “பொம்புளப் புள்ளைகள் வாற இடம் இது. இஞ்சயுமா வச்சிரிக்கீங்க?”

“ஆறு மெசினிலயும் இரிக்கி. அந்தப் புள்ளைகளும் பாவிக்கிறதான்.”

மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் கச்சிமுகம்மதுவுக்கு விளங்கியது. ஒரே ஒரு வசனம் போதும். மாமா, வைன் எண்டா ஒரு புரோகிராம்ர பேர். இதோ பாருங்க. இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள், இன்னொரு கோப்பை தேத்தண்ணி வந்திருக்கும்.

“ஆரு செல்லின?” என்று கேட்டார் கச்சிமுகம்மது.

“முகம்மது தம்பிதான்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் தலைக்கனம் ஏறிவிட்டது. நாலு வருசமாகச் சுவரில் எழுதுகிறேன், பக்கத்து ஊர் மனிதர் அதை வாசிக்காமல் கள்ளச் சீடிக்காரனிடம் போய்க் கேட்டிருக்கிறார். “அப்ப அவனிட்டயே மிச்சத்தையும் கேளுங்க” என்றார். “எல்லாம் சுவத்துல எழுதித்தான் இரிக்கி. தெரியாத ஆக்களுக்கு இருந்து விளங்கப்படுத்துற வேல என்னட்ட இல்ல.” சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்துல் கபூர் எழும்பினார். பிறகு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். பிளேன்டீ அரைவாசி மிச்சம் இருந்தது.

கதை இரண்டு நாளில் ஸைனம்புவின் காதுக்கு வந்துவிட்டது. மீன் வெட்டுகிற கத்தியோடு ஹோலுக்கு வந்தார்.

“நீ மனிசனா? ஒரு வசனம் செல்ல உனக்கு வாய் வரல்லயா?”

“தெரியாட்டி வாசிச்சு விளங்கணும் ராத்தா. சும்மா வந்து ஆர்ர கதையையோ கேட்டுட்டு...”

“அண்டைக்கு செக்பொயின்ட்ல அந்த ஆமிக்காரனுக்கு அர மணித்தியாலம் நிண்டு விளங்கப்படுத்தினாய். பஸ்ஸையும் விட்டுட்டு. அவன் ஆரு உனக்கு? இந்த மனிசன் பொண்ணத் தாறன் எண்டு வந்தவரு.”

“அவன்ட கையில துவக்கு இருந்திச்சு.”

“அப்ப இவரும் துவக்கோடயா வந்திரிக்கணும்?”

ஸைனம்பு அழத் தொடங்கினார். “இண்டைக்கே போ. கால் மணித்தியால நடை. போய் ஊட்டு வாசல்ல நிண்டு, பிழைதான் மாமா எண்டு செல்லு. இந்த ஹோல்ல எத்தின வருசத்துக்குப் பாய் போடப் போறாய்?” அவர் போகவில்லை. போகத்தான் நினைத்தார், சேர்ட்டைக்கூட மாற்றினார். போய் என்ன சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது என்று யோசித்து யோசித்து, சேர்ட்டைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை பெண்கள் வகுப்பு முடிந்து நிலையத்துக்கு வந்தபோது, சுவரில் அவருடைய தாளுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பித் தாள் ஒட்டியிருந்தது. முழுவதும் பென்சில்.

“புது வரவு: கச்சிமுகம்மது. பெட்டி பழசு.

தேவையானது: பொறுமை, மரத்துப்போன காது.

எங்கட வீட்டில் ஓடுமா: இப்ப இருக்கிற மாதிரி ஓடாது.

குறை: ஒரு வசனத்தைக் காணல்ல. அதைச் சேர்த்தால் தானா ஓடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம்.”

நின்றபடி மூன்று தடவை வாசித்தார். தனியே சிரித்தார். உம்மா போன பிறகு அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. ‘தானா ஓடும்’ என்று எழுதியிருக்கிறாளே! அவர் கையால் வருசத்துக்கு ஒருக்கால்தான் எழுதுகிற தீர்ப்பு அது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, கோபமும் இல்லை, வழியும் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் இந்த மனிதருக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வரும். வெள்ளிக்கிழமை என்றால் தாள் ஒட்டுகிற நாள். அதனால், வெள்ளிக்கிழமைத் தாளில் பதில் எழுதச் சொல்கிறாள் என்று முடிவு கட்டினார். ராத்தா அன்றும் மறுநாளும் கேட்டார், போனியா என்று. “வெள்ளிக்கிழமை ஊருக்கே விளங்கும், இருங்க” என்றார்.

ஒரு கிழமை முழுக்க எழுதினார். ஞாயிறும் திங்களும் வைன் என்றால் என்ன என்பதற்குப் போனது. செவ்வாய்க்கிழமை, அதை ஏன் சாராயத்தோடு குழப்பக்கூடாது என்பதற்கு. புதன்கிழமை முகம்மது தம்பிக்கு ஒரு பக்கம். அதை மட்டும் இரண்டு தடவை அழகாகத் திருப்பி எழுதினார். வியாழக்கிழமை பின்னேரம், மிகச் சிரமப்பட்டு, மூன்றாம் பக்கத்தின் அடியில் ‘மதிப்புக்குரிய ஓய்வுபெற்ற தபாலதிபர் அவர்களுக்கு’ என்று தொடங்கி நாலு வரி. வாழ்க்கையில் அப்படி நாலு வரி அவர் யாருக்கும் எழுதினதில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மூன்று பக்கத்தையும் வரிசையாக ஒட்டினார். கூட்டம் கூடியது. வாசித்தவர்கள் சிரித்தார்கள், முகம்மது தம்பியைப் பற்றிய பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள். கச்சிமுகம்மது வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் வகுப்புக்கு நாளைக்கு நுஸ்ஹா வருவாள், வாசிப்பாள், வாப்பாவைக் கூட்டிவந்து காட்டுவாள். அன்று பின்னேரம் சேர்ட்டுக்கு இஸ்திரி போட்டார்.

சனிக்கிழமை சாவியைக் கொடுக்கும்போது நுஸ்ஹா நிமிர்ந்து பார்க்கவில்லை. “சாவி” என்றார் இவர். “ஓம்” என்றார் அவர். கச்சிமுகம்மது கடற்கரையில் போய் இருந்தார். மூன்று மணித்தியாலம் என்பது அவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். மூன்றாம் பக்கத்துக்குக் கீழே பென்சில் இருந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க. வைன் எண்டா என்ன எண்டு வாப்பா வந்த அண்டைக்கே நான் அவருக்குச் சொல்லிட்டன். வாப்பா சிரிச்சாங்க. விளக்கம் தேவைப்படல்ல. நீங்க வீட்ட வந்து வாயால ஒரு வசனம் சொல்லுவீங்களா எண்டுதான் வெள்ளி வரைக்கும் பாத்தாங்க. நேத்து ஜும்ஆ தொழுதுட்டு வந்தும் கொஞ்ச நேரம் வாசல்ல இருந்தாங்க. நீங்க வரல்ல. மறுகா, முந்தி கேட்டு வந்த அக்கரைப்பற்று மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் குடுத்தாச்சு. நானும் ஓம் எண்டுட்டன். மூணாம் பக்கத்தில ஒரு எழுத்துப் பிழை இருக்கு.”

கச்சிமுகம்மது அதை ஒரு தடவைதான் வாசித்தார். அவர் ஜும்ஆ முடிந்து தாள் ஒட்டி, கூட்டத்தின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்ற அதே நேரம், கால் மணித்தியால நடைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் வாசலில் கதிரை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

பிறகு, பழக்கதோசத்தில், பிழையைத் தேடினார். முதல் இரண்டு பக்கமும் சுத்தம். முகம்மது தம்பியை ஏசிய இடத்தில் ஒரு புள்ளி பிசகவில்லை. கடைசி நாலு வரிக்கு வந்தார். ‘மன்னிப்பு’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘மன்னிபு’ என்று இருந்தது.

சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, விடுபட்ட எழுத்தை இடையில் சேர்த்தார். தாளைக் கழற்றவில்லை. நிலையத்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ராத்தாவின் வீட்டுக்கு நடந்தார்.